மூத்தவர்களின் நடையும் மனசும்: பினாங்கு பிசியோவிடம் கேளுங்கள்

பினாங்கில் மூத்தவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட் நான். நீங்கள் அனுப்பிய கேள்விகளில் சில.

அம்மா போனதிலிருந்து அப்பா (72) வீட்டை விட்டு இறங்குவதில்லை. முதுகு வலி, தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்கிறார். நடக்கப் போங்கள் என்றால் எரிந்து விழுகிறார். (ஜெலுத்தோங்)

வயதானவர்கள் "மனசு சரியில்லை" என்று சொல்வது அபூர்வம். மனச்சோர்வு பல சமயம் முதுகு வலியாகவும் பசியின்மையாகவும்தான் வெளியே வரும். வயசானால் இப்படித்தான் என்று விட்டுவிடாமல் முதலில் கிளினிக்கில் காட்டுங்கள். தைராய்டு கோளாறு, பி12 குறைவு எல்லாம் இதே மாதிரி ஆளை முடக்கும்.

அப்புறம், எக்சர்சைஸ் பேச்சையே எடுக்காதீர்கள். நம்ம அப்பாமார்களுக்குப் புத்தி சொன்னால் பிடிக்காது, வேலை சொன்னால் கிளம்புவார்கள். "பாசாரில் கறிவேப்பிலை வாங்கி வாங்கப்பா, சாமிக்குப் பூவும் வேணும்" என்று அனுப்புங்கள். மூன்றாம் நாள் பூக்காரரே "நேற்று வரலையே ஐயா" என்று கேட்பார். என்னைக் கேட்டால், அந்த விசாரிப்பே பாதி மருந்து. மனசு தெளிந்ததும் நடக்கலாம் என்று காத்திருந்தால் நடை தொடங்கவே தொடங்காது. கால் முதலில் நகர வேண்டும்.

"நானும் போய்ச் சேர்ந்தால் தேவலை" என்ற பேச்சு வந்தால் மட்டும் தள்ளிப்போடாதீர்கள். அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். சுகாதார அமைச்சின் ஹீல் (HEAL) மனநல உதவி எண் 15555-க்கும் அழைக்கலாம்.

மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். நடந்தால் நிறுத்திவிடலாமா? (பட்டர்வொர்த்)

நீங்களாக நிறுத்தாதீர்கள். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகம் மனச்சோர்வு உள்ள, 50 வயது தாண்டிய 156 பேரை 16 வாரம் கவனித்து, 1999-இல் முடிவை வெளியிட்டது. பயிற்சி மட்டும் செய்தவர்களும் செர்ட்ரலின் என்ற மனச்சோர்வு மாத்திரை சாப்பிட்டவர்களும் கடைசியில் ஏறக்குறைய ஒரே அளவு தேறியிருந்தார்கள். ஆனால் மாத்திரைக்குப் பலன் சீக்கிரம் தெரிந்தது. பயிற்சிக்காரர்களும் தனியாக நடக்கவில்லை; வாரம் 3 முறை, மேற்பார்வையோடு, கூட்டமாகச் செய்தார்கள். இரண்டும் சேர்ந்தே போகட்டும். குறைப்பதை மருத்துவர் முடிவு செய்வார்.

முட்டி வலி. தண்ணீர்மலை முருகன் கோயில் படி ஏறலாமா?

ஏறுவதைவிட இறங்குவதுதான் முட்டியைப் பதம் பார்க்கும். 500-க்கு மேல் படிகள். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார், இப்போதைக்கு அடிவாரத்தில் கும்பிடுங்கள். வீட்டில் கைப்பிடி நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கால் இரண்டையும் சற்று உள்ளே இழுத்து, முன்னால் சாய்ந்து எழுந்து, மெதுவாக உட்காருங்கள். பொத்தென்று விழக்கூடாது, அந்த மெதுவில்தான் தொடைக்கு வேலை. முதலில் ஐந்து முறை போதும்.

வாரம் எவ்வளவு நேரம்?

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு 150 முதல் 300 நிமிடம். லேசாக மூச்சு வாங்க வேண்டும், ஆனால் பேச முடிய வேண்டும். 65 தாண்டியவர்கள் வாரம் 3 நாளாவது தடுமாறாமல் நிற்கும் பயிற்சியும் சேர்க்க வேண்டும். இவ்வளவு முடியாதவர்கள் பத்து நிமிடம் நடந்தாலும் சரி.

எங்கே நடப்பது? வெயில் தாங்கவில்லை. (ஆயர் ஈத்தாம்)

காலையில் தாவரவியல் பூங்கா அல்லது இளைஞர் பூங்கா. கையில் பிளாஸ்டிக் பை வேண்டாம், குரங்கு பறித்துவிடும். புகைமூட்ட நாட்களில் ஷாப்பிங் மாலுக்குள்ளேயே சுற்றுங்கள்.

இன்சுலின் போடுகிறேன். வெறும் வயிற்றில் நடக்கலாமா?

வேண்டாம். கொஞ்சம் சாப்பிட்டுக் கிளம்புங்கள், பையில் இரண்டு மிட்டாய் இருக்கட்டும். நடுக்கமோ குப்பென்று வியர்வையோ வந்தால் உடனே வாயில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுங்கள்.