யூபிஇ3ஏ நாக்அவுட் சுண்டெலிகள்: கேள்வி பதில்

யூபிஇ3ஏ என்ற நொதியின் மரபணுவை நீக்கிய, அதாவது நாக்அவுட் செய்த, சுண்டெலிகளோடு பல வருடம் வேலை செய்திருக்கிறேன். வந்த கேள்விகளுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, யூபிக்விட்டின் ஒட்டுவது என்றால் என்ன? பி.எஸ்சி. முதல் வருடம்தான் படிக்கிறேன்.

யூபிக்விட்டின் 76 அமினோ அமிலம் கொண்ட ஒரு குட்டிப் புரதம். இதை ஒரு புரதத்தின் மேல் சங்கிலியாகக் கோத்துவிட்டால் பெரும்பாலும் புரோட்டியசோம் என்ற, செல்லின் புரதம் நறுக்கும் இயந்திரம் அந்தப் புரதத்தை நறுக்கிப் போட்டுவிடும். இ1, இ2, இ3 என்று மூன்று நொதிகள் வரிசையாக இந்த வேலையைச் செய்கின்றன, அதில் எந்தப் புரதத்தின் மேல் ஒட்டுவது என்று ஆள் பார்ப்பது கடைசியில் வரும் இ3. யூபிஇ3ஏ அப்படி ஒரு இ3.

கேள்வி: எங்கள் சுண்டெலிகளில் யூபிஇ3ஏ மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்றுதான் நீக்கப்பட்டிருக்கிறது. பாதிக் குட்டிகள் தடுமாறுகின்றன, மீதிப் பாதி நன்றாக ஓடுகின்றன. பிசிஆர் என்ற டிஎன்ஏ சோதனையில் எல்லாமே ஒரே மாதிரி. எங்கே தப்பு?

தப்பே இல்லை, பிசிஆரால் சொல்ல முடியாத ஒன்று இதில் இருக்கிறது. நீக்கப்பட்ட பிரதி அம்மாவிடமிருந்து வந்ததா, அப்பாவிடமிருந்து வந்ததா என்று உங்கள் நோட்டைத் திறந்து பாருங்கள். நியூரான்களில் அப்பா கொடுத்த யூபிஇ3ஏ பேசாது, எதிர்த்திசையில் படியெடுக்கப்படும் ஒரு நீண்ட ஆர்என்ஏ அதை அடக்கி வைத்திருக்கும். அதனால் அம்மா கொடுத்தது போய்விட்டால் மூளையில் கிட்டத்தட்ட எதுவுமே மிஞ்சாது, அப்பா கொடுத்தது போனால் பெரிதாக ஒன்றும் தெரியாது. 1997இல் ஏஞ்சல்மன் நோய்க்குறி என்ற பிறவி நரம்பு வளர்ச்சிக் குறை உள்ளவர்களிடம் இந்த மரபணுவில் பிழை கண்டுபிடித்தார்கள், அடுத்த வருடமே ஹூஸ்டன் பேய்லர் மருத்துவக் கல்லூரியில் பியூடே குழு நாக்அவுட் சுண்டெலியைக் காட்டியது. அம்மா வழியில் பிழை வாங்கிய சுண்டெலிகளுக்கு உடல் அசைவில் தடுமாற்றம், தூண்டினால் வலிப்பு, கற்பதில் குறை, நினைவுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் பகுதியில் நீண்டகால வலுவூட்டல் (நியூரான் இணைப்புகள் பலப்படுவது) குறைவு. அப்பா வழியில் வாங்கியவற்றுக்கு இந்தக் குறைகள் இல்லை.

ஆகவே தன் அப்பாவிடமிருந்து பிழை வாங்கிய, நலமாக இருக்கும் பெண் சுண்டெலியை எடுத்துச் சாதாரண ஆணோடு சேருங்கள். பிறக்கும் குட்டிகளில் சராசரியாகப் பாதிக்குக் குறை இருக்கும், மீதிப் பாதி கன்ட்ரோல், அதாவது ஒப்பிட்டுப் பார்க்கும் சாதாரணக் குட்டிகள். ஒரே அம்மா, ஒரே கூண்டு, ஒரே பால். கன்ட்ரோல் இவைதான், வேறு எதுவும் இல்லை.

கேள்வி: கன்ட்ரோலுக்கு வெளியிலிருந்து பிளாக்6 என்ற ஆய்வக இனச் சுண்டெலி வாங்கிக்கொள்ளலாமா?

கூடாது. நான் ஒரு முறை அப்படிச் செய்து எட்டு மாதத்தைத் தொலைத்தேன். திறந்தவெளிச் சோதனையில் (சுண்டெலியை ஒரு காலிப் பெட்டியில் விட்டு எங்கே நடமாடுகிறது என்று பார்ப்பது) எங்கள் நாக்அவுட்கள் ஓரமாகவே ஒட்டி நின்றன, பயம் என்று எழுதி வைத்தோம். பிறகு உடன்பிறந்த சாதாரணக் குட்டிகளை விட்டுப் பார்த்தால் அவையும் அதே ஓரத்தில் நிற்கின்றன. இன்னொரு எச்சரிக்கை: பழைய நாக்அவுட்கள் பெரும்பாலும் 129 என்ற இன்னொரு ஆய்வக இனத்தின் ஸ்டெம் செல்லில் செய்தவை, அந்த இனத்தின் வேறு பிழைகளும் கூடவே வந்துவிடும். அழற்சியில் பங்குள்ள காஸ்பேஸ்-1 நொதியின் நாக்அவுட்டில் காஸ்பேஸ்-11உம் வேலை செய்யவில்லை என்று 2011இல்தான் தெரிந்தது. அதற்கு முன் காஸ்பேஸ்-1ஐ நம்பி எழுதியவர்களின் நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

கேள்வி: வலிப்பு பார்க்க எந்த இனம்?

129. பிளாக்6இல் எளிதில் வராது.

கேள்வி: சுழல் உருளைச் சோதனையில் எங்கள் நாக்அவுட் சீக்கிரம் விழுகிறது. சிறுமூளைக் கோளாறு என்று எழுதலாமா?

முதலில் தராசில் வையுங்கள். இந்தச் சுண்டெலிகள் எடை போடும், கனமான சுண்டெலி எப்படியும் சீக்கிரம் விழும். பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். நிமிடத்துக்கு 4 சுற்றில் தொடங்கி 300 வினாடியில் 40க்கு ஏறும்போது சில சுண்டெலிகள் கால் வைப்பதை விட்டுவிட்டு உருளையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு முழுச்சுற்று சுற்றிவரும், கருவி அதையும் நடப்பதாகவே கணக்கிடும். எந்தக் கூண்டில் எது என்று தெரியாதவர்தான் நேரம் குறிக்க வேண்டும்.

கேள்வி: நாக்அவுட்டில் நியூரான் இணைப்புகளில் வேலை செய்யும் ஆர்க் புரதம் கூடுகிறது, ஆகவே யூபிஇ3ஏவின் இலக்கு ஆர்க்தான். 2010லேயே முடிந்த விஷயம், இல்லையா?

முடியவில்லை. 2010இல் அப்படி ஒரு கட்டுரை வந்தது உண்மை, ஆனால் 2013இல் ஷெஃப்னர் குழு சோதித்தபோது யூபிஇ3ஏ ஆர்க் மேல் நேராக யூபிக்விட்டின் ஒட்டுவதைக் காண முடியவில்லை, படியெடுப்பு வழியாகத்தான் ஆர்க்கின் அளவு மாறுகிறது என்றார்கள். 2014இல் ஆர்க்கை அழிக்க அனுப்பும் இ3 என்று டிரையட்3ஏவைக் காட்டினார்கள்.

கேள்வி (அவரே): நாக்அவுட்டில் கூடுகிறதே, அது போதாதா?

போதாது. ஒரு நொதி பிறந்ததிலிருந்தே இல்லாத சுண்டெலியில் நூறு புரதங்கள் ஏறும், இறங்கும். வலிப்பு வந்த மூளையிலேயே ஆர்க் கூடும், அது நியூரான் சுறுசுறுப்பானால் ஏறுகிற மரபணு. நேரான இலக்கு என்று சொல்ல குறைந்தது மூன்று சாட்சி தேவை: சோதனைக்குழாயில் ஒட்ட வேண்டும், நொதி இல்லாத செல்லில் அந்தப் புரதத்தின் ஆயுள் நீள வேண்டும், ஒட்டும் வேலையைச் செய்யும் சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தை மட்டும் மாற்றிய நொதியால் அது நடக்கக் கூடாது.

கேள்வி (அவரே): அப்படிப் பார்த்தால் புற்றுநோயைத் தடுக்கும் புரதமான பி53யும் இலக்கு இல்லை என்பீர்களா?

பாப்பிலோமா வைரஸின் இ6 என்ற புரதம் கூட இருந்தால் இலக்குதான், 1993இலேயே சோதனைக்குழாயில் காட்டிவிட்டார்கள். வைரஸ் இல்லாத செல்லில் பி53யைக் கவனிப்பது முக்கியமாக எம்டிஎம்2 என்ற இன்னொரு இ3. அதற்கு நாக்அவுட்டிலேயே நல்ல சாட்சி உண்டு: எம்டிஎம்2 இல்லாத கரு வயிற்றிலேயே இறந்துபோகும், கூடவே பி53யையும் நீக்கினால் பிழைத்துப் பிறக்கும். 1995இல் இரண்டு குழுக்கள் தனித்தனியாகக் காட்டின. ஆர்க்குக்கும் இப்படி இரட்டை நாக்அவுட் செய்து கொண்டுவாருங்கள், உட்கார்ந்து பேசுவோம்.

கேள்வி: என் மகனுக்கு ஏஞ்சல்மன், ஆறு வயது. சுண்டெலியில் சரியாகிவிட்டது என்கிறார்களே, அவனுக்கு மருந்து உண்டா அம்மா?

மருந்தைப் பற்றி நான் சொல்லக் கூடாது, நான் மருத்துவர் இல்லை. குழந்தை நரம்பியல் மருத்துவரையும் மரபியல் ஆலோசகரையும் பாருங்கள். சுண்டெலியில் என்ன நடந்தது என்பதை மட்டும் சொல்கிறேன். 2015இல் ராட்டர்டாம் குழு வெவ்வேறு வயதில் மரபணுவைத் திரும்ப இயக்கியது. இளம்பருவத்தில் இயக்கினாலும் உடல் அசைவு தேறியது, பதற்றமும் வலிப்பும் மிகச் சீக்கிரம் இயக்கினால்தான் தேறின. அப்பா வழிப் பிரதியை எழுப்பும் மருந்துகள் மனிதர்களில் சோதனையில் இருக்கின்றன. சுண்டெலியின் நாட்களை உங்கள் மகனின் வயதாக மாற்றிக் கணக்குப் போட வேண்டாம் அம்மா, இரண்டும் ஒன்றில்லை.

கேள்வி: கன்ட்ரோல் குட்டிகள் போதவில்லை, பக்கத்துக் கூண்டிலிருந்து எடுக்கலாமா?

மேலே இரண்டு முறை சொல்லிவிட்டேன். இன்னொரு ஈற்று பிறக்கும்வரை காத்திருங்கள், மூன்று வாரம்தான்.