பழைய அமெரிக்க காருக்கு இவ்வளவு செலவு எதற்கு?

பழைய அமெரிக்க கார்களை வாங்கிப் பிரித்துப் புதுப்பிக்கிறவர்கள் இவ்வளவு பணத்தையும் நேரத்தையும் ஏன் அதில் கொட்டுகிறார்கள், அந்தக் காசுக்குப் புது காரே வாங்கிவிடலாமே என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் கொட்டியவன்தான். என் காரை வைத்தே சொல்கிறேன்.

டெட்ராய்ட் புறநகரில் பதினோரு வருடமாக இருக்கிறேன். என் கேரேஜில் நிற்பது 1966 ஃபோர்டு மஸ்டாங், இரண்டு கதவு, ஆறு சிலிண்டர். 2018-இல் 6,500 டாலருக்கு வாங்கினேன். அதற்கு மேல் இதுவரை 17,000 டாலர் செலவாகியிருக்கிறது. விற்றால் அதில் பாதிகூடத் திரும்பாது. அதனால் இதை முதலீடு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒரு இயந்திரத்தை முழுசாக, கடைசி நட்டு வரைக்கும் புரிந்துகொள்ள முடிகிறதே, அந்தச் சந்தோஷத்துக்குத்தான் நான் காசு கொடுக்கிறேன்.

இந்தக் காரைப் புத்தகம் போலப் படிக்கலாம். எஞ்சின் பக்கத்தில் தகரத்தில் அடித்திருக்கும் எண் என் காரில் ஆறு, எஃப் (F), 07, டி (T) என்று தொடங்குகிறது. ஆறு என்றால் 1966. எஃப் என்றால் டியர்பார்ன் தொழிற்சாலை, என் வீட்டிலிருந்து அரை மணி நேரம். 07 என்றால் ஹார்ட்டாப், அதாவது மடக்க முடியாத தகரக் கூரை உள்ள உடல். டி என்பது 200 கன அங்குல ஆறு சிலிண்டர் எஞ்சின். கதவில் இருக்கும் தகட்டில் பெயிண்டுக்கும் ஒரு எழுத்து உண்டு. நான் வாங்கியபோது கார் சிவப்பாக இருந்தது, தகடோ ஆர்கேடியன் புளூ என்றது. டாஷ்போர்டைக் கழற்றிச் சுரண்டிப் பார்த்தேன். சிவப்புக்குக் கீழே ஒரு வெள்ளை, அதற்கும் கீழே நீலம், வெயிலே படாமல் புதுசு போல. எஞ்சினுக்குப் பின்னால் உள்ள சுவரில் அழுக்கை எடுத்தபோது மஞ்சள் கிரேயானில் ஒரு டிக் தெரிந்தது. அன்றைய ஷிப்டில் நின்ற யாரோ சரிபார்த்துப் போட்டது. அதைச் சுற்றி டேப் ஒட்டிவிட்டு மற்ற இடத்துக்குத்தான் பெயிண்ட் அடித்தேன்.

சரி, வேலை எங்கே போகிறது என்று பார்க்கலாம். எல்லோரும் எஞ்சின் என்று நினைப்பார்கள். எஞ்சின் வேலை சுலபம். உயிரை வாங்குவது துரு.

இந்த மஸ்டாங்குகளில் முன் கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் இருக்கும் இடத்தில், காற்று போவதற்குத் துளைகள் உள்ள ஒரு தகரப் பெட்டி உண்டு. கவுல் என்பார்கள். மழைத் தண்ணீரும் அதற்குள்தான் இறங்கி ஓரமாக வடிய வேண்டும். மர இலைகள் விழுந்து மக்கி, ஈரம் தங்கி, உள்ளேயே அரித்துவிடும். வெளியிலிருந்து ஒன்றும் தெரியாது. தண்ணீர் சொட்டுச் சொட்டாகக் கார்ப்பெட்டுக்கு அடியில் போய்த் தரைத் தகரத்தையும் தின்னும். என் காரில் கார்ப்பெட்டைத் தூக்கியபோது, ஓட்டை விழுந்த தரையின் மேல் யாரோ எப்போதோ ஒரு தகரத்தை வைத்து ரிவெட் அடித்து, தார் பூசி மறைத்திருந்தார்கள். அந்தத் தகரத்துக்கும் பழைய தரைக்கும் நடுவில் ஈரம் மாட்டிக்கொண்டு இரண்டும் சேர்ந்து உதிர்ந்திருந்தன.

அதனால் வாங்கப் போகும்போது ஒரு வாளித் தண்ணீரும், துணி சுற்றிய காந்தமும் கொண்டுபோங்கள். தண்ணீரைக் கவுலில் ஊற்றிவிட்டு உள்ளே குனிந்து கால் வைக்கும் இடத்தைப் பாருங்கள். காந்தம் ஒட்டாத இடத்தில் தகரம் இல்லை, ஓட்டையை மூடப் பூசும் பட்டிப் பசைதான் இருக்கிறது. விற்பவர் தண்ணீர் ஊற்ற விடவில்லை என்றால் திரும்பி வந்துவிடுங்கள்.

இந்த ஊரில் துரு அதிகமாக இருப்பதற்குக் காரணம் உப்பு. பனிக்காலத்தில் சாலையில் கொட்டுவார்கள். டெட்ராய்டுக்கு அடியிலேயே, ஏறக்குறைய 1,200 அடி ஆழத்தில், பெரிய உப்புச் சுரங்கம் இருக்கிறது. காரும் இங்கேதான் செய்தார்கள், அதைத் தின்கிற உப்பையும் இங்கேதான் தோண்டுகிறார்கள். அதனால்தான் உப்புப் படாத அரிசோனா, கலிஃபோர்னியா பக்கத்துக் கார்களுக்கு இங்கே மவுசு.

டிங்கரிங் எனக்குக் கற்றுக்கொடுத்தவர் எதிர்வீட்டுப் பெரியவர். கார் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மெல்லிய தகரத்தில் வெல்டிங்கை ஒரே கோடாக இழுத்தால் சூட்டில் நெளிந்துவிடும். இங்கே ஒரு புள்ளி, ஒரு சாண் தள்ளி இன்னொரு புள்ளி, கை வைத்துச் சூடு ஆறியதும் அடுத்தது. இதைச் சொல்லிவிட்டு அவர் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். நான் அவசரப்பட்டால் எழுந்து வந்து வெல்டிங் மிஷினை அணைத்துவிடுவார். தரை முழுவதும் போட்டு முடிக்க எனக்கு ஒரு குளிர்காலம் ஆனது.

உதிரி பாகம் கிடைக்குமா என்று பலர் கேட்பார்கள். மஸ்டாங்குக்குக் கிடைக்கும். 1964 ஏப்ரல் 17 அன்று நியூயார்க் உலகக் கண்காட்சியில் அறிமுகமான கார் இது. ஆரம்ப விலை 2,368 டாலர். அடியில் இருந்தது ஃபால்கன் என்ற மலிவான குடும்பக் காரின் அமைப்பு. சாதாரண வேலையில் இருந்தவர்களும் வாங்க முடிந்ததால் 1966 மாடல் மட்டுமே ஆறு லட்சத்துக்கு மேல் செய்தார்கள். இத்தனை கார் ஓடியதால்தான் இன்றைக்கும் கதவு ரப்பரிலிருந்து முழு உடல் கூடு வரைக்கும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். அதே காலத்தில் குறைவாக விற்ற ஒரு காரை எடுத்திருந்தால் ஒரு விளக்குக் கண்ணாடிக்காக வருடக் கணக்கில் தேட வேண்டியிருந்திருக்கும். முதல் முறை செய்கிறவர்களுக்கு இதனால்தான் மஸ்டாங்கைச் சொல்கிறேன்.

என் நண்பர்கள் எல்லோரும் ஆறு சிலிண்டரைத் தூக்கிப் போட்டுவிட்டு வி8 என்ற எட்டு சிலிண்டர் எஞ்சினை வைக்கச் சொன்னார்கள். நான் கேட்கவில்லை. இதன் 120 குதிரைத்திறன் எனக்குப் போதும். நீளமான ஒல்லி எஞ்சின், இரண்டு பக்கமும் கை தாராளமாக நுழையும். ஒரே ஒரு கார்புரேட்டர். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தீப்பொறியைப் பிரித்து அனுப்புவது டிஸ்ட்ரிபியூட்டர். அதற்குள் திறந்து மூடும் பாயின்ட்டின் இடைவெளியை 0.025 அங்குலத்துக்கு வைத்து, வயர்களைச் சிலிண்டர்கள் எரியும் 1, 5, 3, 6, 2, 4 என்ற வரிசையில் மாட்டினேன். காலையில் ஆக்சிலரேட்டரை இரண்டு முறை மிதித்துவிட்டுச் சாவியைத் திருப்பினேன். இரண்டு முறை இருமிவிட்டு மூன்றாவது முறை பிடித்துக்கொண்டது. பிடித்தபின் அந்தச் சத்தம் தையல் மிஷின் போல ஒரே சீராக இருக்கும். அன்றைக்கு அரை மணி நேரம் அதை அணைக்காமல் கேட்டுக்கொண்டே நின்றேன்.

ஒன்றில் மட்டும் பழசை விட்டுக்கொடுத்தேன். பிரேக்கை மிதித்தால் சக்கரங்களுக்கு பிரேக் எண்ணெயைத் தள்ளுவது மாஸ்டர் சிலிண்டர். 1966-இல் அதில் ஒரே அறைதான். ஒரு குழாய் வெடித்தால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். இரண்டு அறை உள்ளதை வாங்கி மாட்டினேன், முன்னால் டிஸ்க் பிரேக் வைத்தேன். பின் இருக்கையில் என் மகள் உட்காருகிறாள், இதில் அசல் அப்படியே இருக்க வேண்டும் என்று நான் பார்க்கவில்லை.

ஆகஸ்டு மூன்றாவது சனிக்கிழமை இந்தப் பக்கம் இருந்தால் வுட்வர்ட் சாலைக்கு வாருங்கள். 1995-இலிருந்து, கொரோனா வந்த 2020 தவிர, ஒவ்வொரு வருடமும் ஃபெர்ன்டேல் தொடங்கி பான்டியாக் வரைக்கும் பழைய கார்களாக ஓடும். என்னுடையது ஆர்கேடியன் புளூ. பின் பம்பரை இன்னும் மாட்டவில்லை, குரோம் பூசக் கொடுத்திருக்கிறேன். அது வந்ததும் டிக்கி ரப்பரை மாற்ற வேண்டும்.