வட்டாரம் மறுபடி உயிர்பெற: வாசகர் கேள்வி – பதில்

மூடிய கடைகள், குப்பை சேர்ந்த காலி மனைகள், இருட்டினால் ஆள் நடமாட்டமில்லாத தெருக்கள். இப்படித் தேய்ந்துபோன நகரப் பகுதிகளை மீட்க, அங்கே குடியிருப்பவர்களே தன்னார்வக் குழுவாகச் சேர்ந்து இறங்குவது பற்றிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்கள்.

கேள்வி: பன்னிரண்டு பேர் சேர்ந்திருக்கிறோம். எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. முதலில் முழுத் திட்ட அறிக்கை ஒன்று தயாரித்துவிடலாமா?

அறிக்கை இப்போது வேண்டாம். முதலில் எல்லையைக் குறுக்குங்கள். பன்னிரண்டு பேருக்கு நான்கைந்து தெருக்கள் போதும். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பத்து நிமிடத்தில் நடந்துவிட முடிய வேண்டும். அதற்கு மேல் போனால் செய்த வேலை கண்ணுக்குத் தெரியாமல் கரைந்துவிடும்.

பிறகு அந்தத் தெருக்களை இரண்டு முறை நடந்து பாருங்கள், பகலில் ஒரு முறை, இருட்டிய பின் ஒரு முறை. மூவர் மூவராகப் பிரிந்து, ஒருவர் பார்த்துச் சொல்ல, ஒருவர் வரைபடத்தில் குறிக்க, ஒருவர் படம் எடுக்கட்டும். சக்கர நாற்காலியில் செல்பவர், கைக்குழந்தையோடு வருபவர், முதியவர் ஆகியோரில் ஒருவராவது கூட இருக்க வேண்டும். நடைபாதையில் எட்டு சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு படி நீட்டிக்கொண்டிருப்பது மற்றவர் கண்ணில் படவே படாது. எரியாத விளக்கு என்று மட்டும் எழுதாமல் கம்பத்தின் எண்ணையும் எழுதுங்கள். சில இடங்களில் விளக்கு பழுதாகியே இருக்காது. மரக்கிளை அதை மூடியிருக்கும். இரண்டுக்கும் போக வேண்டிய துறை வேறு.

குறைகளை மட்டும் எண்ணினால் குழு சீக்கிரம் சோர்ந்துவிடும். ஜான் கிரெட்ஸ்மன், ஜான் மெக்நைட் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1993-இல் வற்புறுத்திய முறையில், ஒரு பகுதியில் என்ன இல்லை என்பதற்கு முன் என்ன இருக்கிறது என்று கணக்கெடுக்க வேண்டும். மின்வேலை தெரிந்தவர், கணக்கு எழுதத் தெரிந்தவர், வாரத்தில் இரண்டு மணி நேரம் காலியாகக் கிடக்கும் கூடம், ஏணி வைத்திருப்பவர் என்று வீடுவீடாகக் கேட்டு எழுதுங்கள். இந்தப் பட்டியல்தான் நீங்கள் எவ்வளவு செய்ய முடியும் என்பதைச் சொல்லும்.

கேள்வி: முதல் துப்புரவு நாளில் ஐம்பது பேர் வந்தார்கள். மூன்றாம் மாதம் ஆறு பேர். என்ன தவறு?

ஐம்பது பேருக்கு அன்று போதிய வேலை இருந்ததா? பெரும்பாலும் அங்கேதான் கோளாறு. மூன்று மண்வெட்டியைச் சுற்றிப் பதினைந்து பேர் நின்றால், கைகட்டி நின்றவர் மறுமுறை வரமாட்டார். கையுறை ஆளுக்கு ஒரு ஜோடி, அதற்கு மேல் கொஞ்சம் உபரி. மண்வெட்டி அல்லது வாரி மூன்று பேருக்கு ஒன்று. தள்ளுவண்டி ஆறு பேருக்கு ஒன்று. சாலையோரம் வேலை என்றால் பளிச்சென்ற மேலங்கி எல்லோருக்கும். சேரும் குப்பையை எடுத்துப்போக வண்டி வரும் என்று முன்கூட்டியே எழுத்தில் உறுதி வாங்கியிருக்க வேண்டும். மூட்டை கட்டிய குப்பை ஒரு வாரம் தெருமுனையில் கிடந்தால், சுத்தம் செய்தவர்களே அசுத்தம் செய்தார்கள் என்ற பேர்தான் மிஞ்சும்.

நாளை நிரந்தரமாக்குங்கள். மாதத்தின் முதல் சனிக்கிழமை, இரண்டு மணி நேரம் என்றால், மழை பெய்தாலும் அதே நாள், இரண்டு மணி நேரம் ஆனதும் நிறுத்திவிட வேண்டும். "இன்னும் கொஞ்சம்தான்" என்று இழுத்தடிப்பதால் போனவர்கள் நிறையப் பேர். புதிதாக வந்தவரிடம் இரண்டு நாளுக்குள் ஒருவர் பேசி, அடுத்த முறைக்கு ஒரு குறிப்பிட்ட வேலையைச் சொல்லி அழைக்க வேண்டும். பொதுவாக "வாருங்கள்" என்றால் வரமாட்டார்கள். "அந்த மூன்று கன்றுகளுக்குத் தண்ணீர் உங்கள் பொறுப்பு" என்றால் வருவார்கள். கருவிகள் வைத்திருக்கும் அறையின் சாவி ஒருவரிடம் மட்டும் இருக்கக் கூடாது. அவர் வெளியூர் போன வாரமே குழுவும் வெளியூர் போய்விடும்.

கேள்வி: எங்கள் தெருவில் ஒரு காலி மனை. நான்கு முறை சுத்தம் செய்தோம். நான்கு முறையும் திரும்பக் குப்பை கொட்டிவிட்டார்கள். உயரமான வேலி போடலாமா?

உயரமான வேலி போட்டால் உள்ளே நடப்பது தெருவுக்குத் தெரியாது. கொட்டுபவருக்கு அது வசதி. இதற்கு நன்றாகச் சோதித்துப் பார்த்த வழி ஒன்று அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் இருக்கிறது. பென்சில்வேனியா தோட்டக்கலைச் சங்கம் அங்கே காலி மனைகளில் குப்பையை அகற்றி, மண்ணைச் சமன்செய்து, புல் விதைத்து, சில மரங்கள் நட்டு, இடுப்பளவுகூட இல்லாத மரக்கம்ப வேலியைச் சுற்றிலும் போடுகிறது. வேலியில் ஆள் நுழைய இடைவெளி உண்டு. லாரி நுழைய வழி இல்லை. 541 மனைகளைக் குலுக்கல் முறையில் குழுக்களாகப் பிரித்து ஒப்பிட்டு, 2018-இல் வெளியான ஆய்வில், வறுமை மிகுந்த பகுதிகளில் இப்படிச் சீராக்கிய மனைகளைச் சுற்றித் துப்பாக்கி வன்முறை சுமார் 29 சதவீதம் குறைந்திருந்தது. இவ்வளவு எளிய வேலைக்கு இவ்வளவு பலன் என்பதைப் பார்க்கும்போது, இதைச் செய்யாமல் விடுவது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

இதில் பலர் தவறவிடுவது ஒன்று உண்டு. அங்கே புல் வளரும் பருவம் முழுக்க மாதம் இரண்டு முறை வந்து புல் வெட்டிக் குப்பை பொறுக்குகிறார்கள். நீங்கள் நான்கு முறை சுத்தம் செய்தீர்கள். ஆனால் இடையில் அந்த இடம் யாருடைய பார்வையிலும் இல்லை. அடுத்த முறை இறங்குமுன், மாதம் இரண்டு முறை வர ஆள் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள்.

உரிமையாளரின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் மண்ணைத் தொடாதீர்கள். அனுமதிக் கடிதத்தில் எத்தனை காலம், யாருக்காவது அடிபட்டால் யார் பொறுப்பு, அவருக்கு மனை வேண்டும்போது எத்தனை நாள் முன்னறிவிப்பு என்ற மூன்றும் இருக்கட்டும். உள்ளே நெளிந்த பழைய சிமென்ட் கூரைத் தகடுகள் கிடந்தால் உடைக்கவோ இழுக்கவோ கூடாது; ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அதன் இழை நுரையீரலுக்குள் போய்த் தங்கிவிடும். பெயர்ச்சீட்டு இல்லாத பீப்பாய்களையும் அப்படியே விட்டு அதிகாரிகளுக்குச் சொல்லுங்கள். ஊசிகளை இடுக்கியால் மட்டும் எடுத்துக் கெட்டியான மூடியுள்ள பெட்டியில் போட வேண்டும். குப்பைப் பையைக் கையாலோ காலாலோ ஒருபோதும் அமுக்காதீர்கள்.

கேள்வி: அதே மாதிரி மனையில் காய்கறி போடலாமா?

மண்ணைச் சோதித்த பிறகு. பழைய கட்டடம் இடிந்த இடத்தில் சுவரின் பழைய பெயின்டிலிருந்தும், நெரிசல் சாலையோரத்தில் முற்காலப் பெட்ரோலிலிருந்தும் ஈயம் தங்கியிருக்கும். அது பல தலைமுறைக்கு மண்ணைவிட்டுப் போகாது. பத்து இடங்களில் 15 சென்டிமீட்டர் ஆழம் வரை மண் எடுத்துக் கலந்து ஒரு மாதிரி. பழைய சுவர் இருந்த ஓரத்தில் மட்டும் எடுத்துத் தனியாக ஒரு மாதிரி. இரண்டையும் கலந்துவிட்டால் ஓரத்தில் இருக்கும் நஞ்சு சராசரியில் மறைந்துவிடும். சந்தேகம் இருந்தால் தரையில் நெய்த வடிதுணி விரித்து, அதன்மேல் 30 சென்டிமீட்டர் உயரப் பாத்தி கட்டி, வெளியிலிருந்து கொண்டுவந்த நல்ல மண்ணை நிரப்புங்கள். செடி உறிஞ்சுவதைவிடக் குழந்தைகளின் கைவழியாக வாய்க்குப் போகும் புழுதிதான் பெரிய ஆபத்து. எனவே பாத்திகளுக்கு நடுவே உள்ள வெற்று நிலத்தையும் மரச்சில்லுகளால் மூட வேண்டும்.

கேள்வி: சாலையோரம் இருபது மரக்கன்று நட்டோம். ஓராண்டில் பதினொன்று பட்டுவிட்டது. கன்று சரியில்லையா?

பட்ட கன்று ஒன்றைத் தோண்டி எடுத்துப் பாருங்கள். காரணம் வேரிலேயே தெரியும். தண்டு விரிந்து வேராக மாறும் இடம் மண்ணுக்குள் புதைந்திருந்தால் ஆழமாக நட்டிருக்கிறீர்கள். அந்த விரிவு தரைமட்டத்தில் கண்ணுக்குத் தெரிய வேண்டும். குழியின் அகலம் வேர்க்கட்டியைப் போல இரண்டு மூன்று மடங்கு. ஆழம் வேர்க்கட்டி அளவுதான், கூடவே கூடாது. வேர் தொட்டியின் வடிவத்திலேயே வட்டமாகச் சுற்றியிருந்தால், நடும்போது அதைப் பிரித்தோ வெட்டியோ விடவில்லை என்று பொருள். வேர் கறுத்து நாற்றமடித்தால் குழியில் நீர் தேங்கியிருக்கிறது. அடுத்த முறை குழி வெட்டியதும் அதில் தண்ணீர் நிரப்பிவிட்டுப் போங்கள். மறுநாளும் தண்ணீர் நின்றால் அந்த இடத்தில் நடாதீர்கள்.

வேர் காய்ந்து நொறுங்கினால் தண்ணீர்க் கணக்கு. வறண்ட காலத்தில் சற்றுப் பெரிய கன்றுக்கு வாரம் 50 லிட்டராவது வேண்டும், அதுவும் மெதுவாக ஊறும்படி. இருபது கன்றுக்கு 1000 லிட்டர். பத்து லிட்டர் வாளியால் நூறு வாளி. இது ஒரு வாரத்துக்கு. இப்படி இரண்டு கோடைகள். இந்தக் கணக்கை நடுவதற்கு முன் போட்டிருந்தால் எட்டு கன்றோடு நிறுத்தியிருப்பீர்கள், எட்டும் பிழைத்திருக்கும். வேரைச் சுற்றி 5 முதல் 8 சென்டிமீட்டர் கனத்துக்கு மூடாக்கு (மண்ணை மூடும் காய்ந்த இலை, மரச்சில்லு) போடுங்கள், ஆனால் தண்டை ஒட்டிக் குவிக்காமல் ஒரு கையகலம் விட்டு. தாங்குகம்பின் கட்டை ஓராண்டில் அவிழ்த்துவிடுங்கள்; இல்லையென்றால் கயிறு பட்டையை அறுத்து உள்ளே இறங்கிவிடும்.

கேள்வி: இருக்கை போடலாம் என்றால், "வேண்டாதவர்கள் வந்து உட்காருவார்கள்" என்று எதிர்க்கிறார்கள்.

இருக்கையே இல்லாத இடத்திலும் அவர்கள் இருக்கிறார்கள், மற்றவர்கள்தான் இல்லை. நியூயார்க்கின் பிரையன்ட் பூங்கா 1970-களில் போதைப்பொருள் விற்கும் இடமாக இருந்தது. பொது இடங்களில் மக்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று பல ஆண்டுகள் கவனித்து ஆராய்ந்த வில்லியம் வைட், உள்ளே நடப்பதை மறைக்கும் புதர்வேலிகளை எடுத்துவிட்டு நுழைவழிகளைத் திறந்துவிடச் சொன்னார். 1992-இல் பூங்கா மறுபடி திறந்தபோது, இஷ்டப்படி நகர்த்திப் போடக்கூடிய நாற்காலிகளும் வந்தன. இன்று அங்கே கூட்டம் நிரம்பி வழிகிறது.

உங்கள் இருக்கையும் தெருவுக்கு முதுகு காட்டாமல், கடை வாசலோ பேருந்து நிறுத்தமோ பார்வையில் படும்படி இருக்கட்டும். உயரம் 45 சென்டிமீட்டர், சாய்மானம் கட்டாயம், கைப்பிடியும் வேண்டும். முதியவர் எழுந்திருக்க அதுதான் பிடிமானம். இருக்கை போக நடைபாதையில் 1.8 மீட்டர் வழி மிஞ்ச வேண்டும்.

கேள்வி: சுவரோவியம் ஆறே மாதத்தில் உரிந்துவிட்டது. பெயின்ட் மட்டமா?

சுவர் ஈரம். பெயின்டை மாற்றினாலும் மறுபடி உரியும். 45 சென்டிமீட்டர் சதுரப் பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் ஒட்டி 16 மணி நேரம் விடுங்கள். உள்பக்கம் நீர்த்துளி கோத்தால் மேலே கைப்பிடிச் சுவரோ மழைநீர்க் குழாயோ கசிந்துகொண்டிருக்கலாம். முதலில் அதை அடைக்க வேண்டும். புதிதாகப் பூசிய சுவர் என்றால் நான்கு வாரம் ஆறவிட்டு, காரத்தைத் தாங்கும் அடிப்பூச்சு அடித்த பிறகே வண்ணம். வெள்ளை உப்புப் பூத்திருந்தால் உலர்ந்த தூரிகையால் தேய்த்து எடுங்கள். நீரால் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளேயே போகும்.

கேள்வி: நகராட்சிக்கு எத்தனை கடிதம் போட்டாலும் பதில் இல்லை.

ஒரே கடிதத்தில் விளக்கு, சாக்கடை, நாய்த்தொல்லை, சாலைப் பள்ளம் எல்லாம் எழுதினால் அது எந்த மேசைக்கும் சொந்தமில்லாத கடிதம். ஒரு கடிதம், ஒரு குறை, ஒரு கம்ப எண் அல்லது கதவிலக்கம், தேதியோடு ஒரு படம். பதிவு எண் வாங்காமல் திரும்பாதீர்கள். பதினைந்து நாள் கழித்து அந்த எண்ணைக் குறிப்பிட்டு நினைவூட்டுங்கள். வேலை நடந்தால், செய்த ஊழியரின் மேலதிகாரிக்கு நன்றிக் கடிதம் எழுதுங்கள். அடுத்த முறை உங்கள் குழுவின் பெயர் அங்கே நினைவிருக்கும்.

கேள்வி: தெரு அழகானதும் வாடகை ஏறுகிறது. நாங்கள் பாடுபட்டு எங்களையே வெளியேற்றிக்கொள்கிறோமா?

நியாயமான பயம். பாஸ்டன் நகரின் ராக்ஸ்பரி பகுதியில் 1984-இல் தொடங்கிய டட்லி தெரு அக்கம்பக்க அமைப்பு இந்தக் கேள்வியை முதலிலேயே கேட்டுக்கொண்டது. அங்கே தீ வைப்பாலும் கைவிடப்பட்டதாலும் சுமார் 1300 மனைகள் காலியாகக் கிடந்தன. மக்கள் முதலில் சட்டவிரோதக் குப்பைக் கொட்டலை நிறுத்தப் போராடினார்கள். 1988-இல் குறிப்பிட்ட எல்லைக்குள் காலி நிலங்களைக் கையகப்படுத்தும் அதிகாரத்தை நகர நிர்வாகத்திடமிருந்து பெற்றார்கள். குடிமக்கள் அமைப்பு ஒன்றுக்கு இது கிடைப்பது மிக அரிது. அந்த நிலத்தை விற்காமல் சமூக நில அறக்கட்டளையில் வைத்தார்கள். வீடு குடும்பத்துக்குச் சொந்தம். நிலம் அறக்கட்டளைக்குச் சொந்தம், நீண்ட காலக் குத்தகையில். விற்கும்போது கொள்ளை விலைக்கு விற்க முடியாதபடி ஒப்பந்தத்திலேயே வரம்பு உண்டு.

இதற்குச் சட்ட உதவியும் பல ஆண்டுப் பொறுமையும் வேண்டும். நிலம் மலிவாக இருக்கும்போதே ஆரம்பிக்க வேண்டும், ஓவியமும் இருக்கையும் வந்தபின் அல்ல. அதுவரை செய்யக்கூடியது: குழுவின் பொறுப்பாளர்களில் பாதிப் பேராவது வாடகைக்குக் குடியிருப்பவர்களாக இருக்கட்டும். கூட்டத்தை அவர்கள் வேலை முடிந்து வரக்கூடிய நேரத்தில் வையுங்கள், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள பக்கத்து அறையில் இரண்டு பேரை உட்கார வையுங்கள்.