‘மதர்போட் போய்விட்டது’ என்றால் உடனே காசு கொடுக்காதீர்கள்

மாரி தொடங்கினால் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் கணினிக் கடிதங்கள் கூடிவிடும். இடியும் கரண்ட் வெட்டும் ஈரக்காற்றும் சேர்ந்து வருகிற காலம். இந்த முறை ஐந்து கடிதங்களுக்குப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: மகள் உயர்தரம் படிக்கிறாள். வீட்டு மேசைக் கணினியை இரண்டு கிழமையாகப் பாவிக்கவில்லை. இப்போது போட்டால் ஃபேன் சுற்றுகிறது, லைட் எரிகிறது, திரையில் ஒன்றுமே வரவில்லை. கடையில் காட்டினோம். மதர்போட் போய்விட்டது, மாற்ற 32,000 ரூபா முடியும் என்கிறார்கள். மாற்றலாமா ஐயா?
– ஒரு தாய், உப்புவெளி

பதில்: பொறுங்கள் அம்மா, இன்னும் மாற்ற வேண்டாம். மதர்போட் என்பது மற்றப் பாகங்கள் எல்லாம் பூட்டியிருக்கிற பெரிய அட்டை. ஃபேன் சுற்றி, லைட்டும் எரிந்து, திரை மட்டும் கறுப்பாக இருந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது ராமைத்தான், அதாவது மதர்போட்டில் செருகியிருக்கிற சின்ன நினைவக அட்டையை. உங்கள் வீட்டு ஜன்னல் கம்பியைப் பாருங்கள், உப்புக்காற்று இரும்பை என்ன செய்கிறது என்று தெரியும். அதே காற்றுத்தான் கணினிப் பெட்டிக்குள்ளும் போய்வருகிறது. ராம் அட்டையின் அடி விளிம்பில் பொன்னிறத் தகடுகள் வரிசையாக இருக்கும். அவற்றில் மெல்லிய படலம் படிந்தால் தொடுகை விட்டுப்போகும். தினமும் ஓடுகிற கணினியில் உள்ளே இருக்கிற சூட்டுக்கு ஈரம் தங்காது. இரண்டு கிழமை சும்மா இருந்த பிறகு இந்தக் கோளாறு தலைகாட்டியிருப்பது அதனாலேயே எனக்குப் புதினமாகத் தெரியவில்லை.

முதலில் திரையைப் பாருங்கள். ‘நோ சிக்னல்’ என்று வந்தால் திரை நன்றாக இருக்கிறது, கணினியிலிருந்து படம் வரவில்லை என்று அர்த்தம். கேபிளை இரண்டு பக்கமும் கழற்றி மறுபடி இறுக்கிச் செருகுங்கள். கணினியில் திரைக்குப் படம் அனுப்புகிற கிராஃபிக்ஸ் அட்டை தனியாக இருந்தால் கேபிள் அந்த அட்டையில்தான் இருக்க வேண்டும், மேலே மதர்போட்டில் இருக்கிற துளையில் அல்ல. துடைத்துத் திரும்ப வைக்கும்போது இதை மாற்றிச் செருகிவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

அதிலும் சரிவராவிட்டால் பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றுங்கள். சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது. பிறகு பவர் பொத்தானை ஐந்து விநாடி அழுத்திப் பிடித்தால் உள்ளே மிச்சமிருக்கிற மின்சாரம் இறங்கிவிடும். பக்கத் தகட்டைக் கழற்றி, பெட்டியின் வெறும் இரும்பை ஒருமுறை கையால் தொட்டுவிட்டு, ராமின் இரு முனையிலும் இருக்கிற கொளுக்கியை விலக்குங்கள். அட்டை தானாக மேலே எழும்பும். வெள்ளை அழிறப்பரால் பொன்னிறத் தகடுகளை இரண்டு பக்கமும் மெதுவாகத் தேய்த்து, துகளைக் காய்ந்த துணியால் தட்டிவிடுங்கள். திரும்பப் போடும்போது இரண்டு பக்கமும் ‘டக்’ என்று கேட்க வேண்டும். இரண்டு ராம் இருந்தால் ஒவ்வொன்றாகத் தனியே போட்டுப் பாருங்கள்.

போன வருடம் என் அக்கா வீட்டில் இதையேதான் செய்தேன். ராமை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஒரு நுனியில் பொன்னிறம் மங்கி, தேயிலைச் சாயம் பட்ட மாதிரிப் பழுப்பாக இருந்தது. தேய்க்கத் தேய்க்க அழிறப்பர்த் துகள் கறுப்பாக உதிர்ந்தது. போட்டதும் கணினி ஓடிவிட்டது. அவவுக்கும் மதர்போட்டை மாற்றச் சொல்லித்தான் ஒரு கடையில் விலை சொல்லியிருந்தார்கள்.

இவ்வளவும் செய்து ஓடாவிட்டால் மறுபடி கடைக்குப் போங்கள். ஆனால் கேட்டுவிட்டுக் காசு கொடுங்கள்: வேறு ராம் போட்டுப் பார்த்தீர்களா, வேறு பவர் சப்ளை போட்டுப் பார்த்தீர்களா, எதை வைத்து மதர்போட் என்று முடிவெடுத்தீர்கள்? நல்ல வேலைக்காரர் கோபப்படமாட்டார், உங்களுக்கு முன்னாலேயே போட்டுக் காட்டுவார். மாற்றினால் பழைய மதர்போட்டைத் திருப்பி வாங்குங்கள், அது உங்கள் பொருள்.

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும். 2017இல் வாங்கிய லப்டொப் திறந்து வர ஐந்து நிமிடம் எடுக்கிறது. விண்டோஸ் 10 முடிந்துவிட்டது, இனி அதைப் பாவிக்கக்கூடாது என்கிறார்கள். தெரிந்த ஒருவர் பாவித்த லப்டொப் ஒன்றை விற்கிறார், ‘ஐ ஃபைவ், நல்ல சாமான்’ என்கிறார். வாங்கவா, இருப்பதையே திருத்தவா?
– வாசகர், கிண்ணியா

பதில்: வஅலைக்குமுஸ்ஸலாம். உங்கள் லப்டொப் மெதுவாக ஓடுவதும் விண்டோஸ் 10 முடிந்ததும் இரண்டு வேறு விஷயங்கள். இரண்டையும் சேர்த்துக் குழப்பித்தான் புதிய லப்டொப்பை விற்கிறார்கள்.

மெதுவைப் பார்ப்போம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மனேஜர் திறக்கும். அதில் ‘டிஸ்க்’ என்ற பத்தி கணினி திறந்து பத்து நிமிடமாகியும் 100 சதவீதத்திலேயே நின்றால், உங்களுடையது தட்டுச் சுழலும் பழைய ஹாட் டிஸ்க் என்பது அநேகமாக உறுதி. அதை எடுத்துவிட்டு, சுழலும் தட்டே இல்லாத புதிய வகை டிஸ்க்கான எஸ்எஸ்டி போட்டால் ஐந்து நிமிடம் அரை நிமிடத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும். பழைய லப்டொப்புக்குச் செய்யக்கூடிய செலவுகளில் இதைவிடப் பயன் தருவது வேறொன்றும் நான் காணவில்லை. ராம் 4 ஜிபி என்றால் அதை 8 ஆக்குங்கள். ராமில் டிடிஆர் 3, டிடிஆர் 4 என்று வகைகள் இருக்கின்றன, அவை ஒன்றுக்கொன்று பொருந்தாது. அதனால் கழற்றிய பழைய ராமையே கையில் கொண்டுபோய்க் காட்டி வாங்குங்கள். எடுத்த ஹாட் டிஸ்க்கை எறிந்துவிடாதீர்கள். யுஎஸ்பி உறை ஒன்றில் போட்டால் படங்களைச் சேமித்து வைக்க உதவும்.

விண்டோஸ் 10க்கான வழமையான பாதுகாப்பு அப்டேட்டை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு நிறுத்தியது. பதிவுசெய்துகொள்கிற வீட்டுக் கணினிகளுக்கு 2026 ஒக்டோபர் 13 வரை நீட்டிப்புக் கொடுத்தது. அப்டேட் நின்றாலும் கணினி நிற்காது. ஆனால் புதிய ஓட்டைகள் அடைபடாது. அப்படியான கணினியில் வங்கிக் கணக்கைத் திறப்பதை நான் விரும்பமாட்டேன். பிள்ளைகள் படிக்க, கடிதம் அடிக்க, வீடியோ பார்க்க மட்டும் என்றால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ற் போட்டுக்கொள்ளலாம். அது இலவசம், அப்டேட்டும் தொடர்ந்து வரும்.

இனி அந்த ‘ஐ ஃபைவ்’. அது இன்டெல் நிறுவனத்தின் செயலி ஒன்றின் பெயர். 2012இலும் ஐ ஃபைவ் வந்தது, 2022இலும் ஐ ஃபைவ் வந்தது. அதற்குப் பின்னால் வருகிற எண்ணைத்தான் பார்க்க வேண்டும். 7200 என்றால் ஏழாம் தலைமுறை, 8250 என்றால் எட்டாம் தலைமுறை, 10210 என்றால் பத்தாம் தலைமுறை. இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் விண்டோஸ் 11 முறையாக ஏறும். அதற்குக் கீழே ஒரு லப்டொப்பை வாங்கினால் உங்களிடம் இருப்பதையே இன்னொருமுறை காசு கொடுத்து வாங்குகிறீர்கள். ‘லெவன் போட்டுத்தான் தருகிறேன்’ என்று சொன்னாலும் எண்ணைப் பாருங்கள், குறுக்குவழியில் ஏற்றியும் விற்கிறார்கள்.

எண் சரி என்றால் லப்டொப்பைக் கவிழ்த்து அடிப்பக்கத் திருகாணிகளைப் பாருங்கள். தலையில் துரு இருந்தால் உள்ளேயும் உப்புக்காற்று வேலை செய்திருக்கிறது. தலை தேய்ந்து நெளிந்திருந்தால் பலமுறை கழற்றியிருக்கிறார்கள். சார்ஜரைக் கழற்றிவிட்டு அரை மணித்தியாலம் வீடியோ ஓடவிடுங்கள். ஒவ்வொரு எழுத்தையும் அடித்துப் பாருங்கள், ஒவ்வொரு துளையிலும் பென் டிரைவைச் செருகிப் பாருங்கள். மவுஸுக்குப் பதிலாக விரல் வைக்கிற இடம் மேலே தள்ளிக்கொண்டு நின்றால் பற்றரி வீங்கியிருக்கிறது. அதை வாங்கவே வேண்டாம். உங்கள் சொந்த லப்டொப்பில் அப்படிக் கண்டாலும் சார்ஜ் போடாதீர்கள், அமுக்காதீர்கள், குத்தாதீர்கள், தீப்பிடிக்கும். அணைத்துக் கடைக்குக் கொண்டுபோங்கள்.

கேள்வி: கரண்ட் போனதும் யூபிஎஸ் கீச்சிட்டுவிட்டுக் கணினியோடு சேர்ந்து அணைந்துவிடுகிறது. வாங்கி நான்கு வருடம். புதிது வாங்கவா? இடி மின்னலுக்கு யூபிஎஸ் இருந்தால் பயமில்லையா?
– வாசகர், பாலையூற்று

பதில்: பெரும்பாலும் பற்றரிதான் செத்திருக்கும். நம்முடைய வெக்கைக்கு மூன்று வருடம் ஓடினாலே பெரிய காரியம். பிளக்கைக் கழற்றி, யூபிஎஸ்ஸைத் திறந்து பற்றரியின் பக்கத்தில் எழுதியிருப்பதைப் பாருங்கள். வீட்டுக்குப் பாவிக்கிற சின்ன யூபிஎஸ்களில் அநேகமாக 12 வோல்ட், 7 அம்பியர் மணி என்றிருக்கும். அதே எண், அதே அளவில் வாங்கிச் சிவப்பைச் சிவப்போடும் கறுப்பைக் கறுப்போடும் பொருத்தினால் சரி. பழையதைக் குப்பையில் போடாதீர்கள், உள்ளே ஈயமும் அமிலமும் இருக்கிறது. வாகனப் பற்றரிக் கடையில் கொடுங்கள். லேசர் பிரின்டரை யூபிஎஸ்ஸில் செருகாதீர்கள், அது சூடாகும்போது இழுக்கிற மின்சாரத்தை யூபிஎஸ் தாங்காது.

மின்னலுக்கு யூபிஎஸ்ஸை நம்ப வேண்டாம். பக்கத்தில் விழுகிற மின்னலை யூபிஎஸ்ஸும் தடுக்காது, சேர்ஜ் பாதுகாப்பு உள்ள எக்ஸ்டென்ஷனும் தடுக்காது. ஒக்டோபர், நவம்பரில் பின்னேரம் வானம் கறுத்தால் பிளக்கைக் கழற்றுங்கள். றூட்டரையும் மறக்காதீர்கள். பழைய செப்புத் தொலைபேசிக் கம்பியில் இணைய இணைப்பு இருக்கிற வீடுகளில் அந்தக் கம்பி வழியாகவும் மின்னல் வந்து றூட்டரையும் அதோடு கேபிளில் பூட்டிய கணினியையும் அடித்துவிடும். ஃபைபர் என்றால் கண்ணாடி இழை, அதில் மின்சாரம் வராது. ஆனால் அதன் அடப்டர் சுவரில்தான் இருக்கிறது.

கேள்வி: பாடசாலையில் அடித்த வினாத்தாளை வீட்டுக் கணினியில் திறந்தால் முழுவதும் ஆங்கில எழுத்துக் குப்பையாக வருகிறது. வைரஸ் என்று சொல்லி விண்டோஸ் புதிதாகப் போடச் சொல்கிறார்கள். நாளை மறுநாள் தவணைப் பரீட்சை.
– ஆசிரியை, மூதூர்

பதில்: ரீச்சர், வைரஸ் இல்லை, விண்டோஸையும் தொட வேண்டாம். உங்கள் வினாத்தாள் பாமினி எழுத்துருவில் அடித்தது. பாமினி உண்மையில் ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் போட்டுக் காட்டுகிற எழுத்துரு. ‘திருகோணமலை’ என்று நீங்கள் அடித்தது உள்ளே ஜே, பி, யூ, என், எஃப், எச், இசட், கே, ஐ, வை என்றுதான் இருக்கிறது. அந்த எழுத்துரு இல்லாத கணினி உள்ளதை உள்ளபடி காட்டுகிறது. பாடசாலைக் கணினியிலிருந்து பாமினி எழுத்துருக் கோப்பைப் பென் டிரைவில் எடுத்து வந்து இரண்டுமுறை அழுத்தி இன்ஸ்டோல் செய்யுங்கள், வினாத்தாள் தெளிந்துவிடும். ஒரு சதமும் செலவில்லை.

இன்னொருவருக்கு அனுப்புவதென்றால் பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள், எழுத்துரு அதோடேயே போகும். புதிதாக அடிப்பதை, எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரிகிற யூனிகோடில் அடியுங்கள். பழைய வினாத்தாள்களை மாற்ற ‘பாமினி யூனிகோட் மாற்றி’ என்று தேடினால் இலவசமாக நிறைய இருக்கின்றன. மாற்றிய பிறகு ஒருமுறை வாசித்துப் பாருங்கள், கணிதக் குறிகளும் ஆங்கிலச் சொற்களும் சிதைந்திருக்கும்.

கேள்வி: கணினி மெதுவாக இருக்கிறது என்று திருத்தக் கொடுத்தேன். கேட்காமலே எல்லாவற்றையும் அழித்து விண்டோஸ் போட்டுத் தந்துவிட்டார்கள். அம்மாவின் படங்கள் எல்லாம் அதில்தான் இருந்தன. அம்மா இப்போது இல்லை. கணினியைத் திருத்தி வாங்கி ஐந்து கிழமையாகிறது. பில் தரவில்லை. ஏதாவது செய்ய முடியுமா?
– வாசகி, உவர்மலை

பதில்: தங்கச்சி, இதை வாசித்ததும் முதலில் ஒன்று செய்யுங்கள்: அந்தக் கணினியை அணைத்துவிடுங்கள், இனிப் போடாதீர்கள். என் அப்பாவின் கடைசி வருடப் படங்களை நானும் இப்படித்தான் இழந்தேன். அப்போது எனக்கு இதைச் சொல்ல ஆளில்லை.

பழைய மாதிரி ஹாட் டிஸ்க் என்றால், ஃபோர்மட் செய்ததும் படங்கள் அநேகமாக உள்ளேயே இருக்கும், அவை இருக்கிற இடத்துக்கான அட்டவணைதான் போயிருக்கும். மேலே புதிதாக எழுத எழுத ஒவ்வொன்றாக அழியும். ஐந்து கிழமை பாவித்ததில் கொஞ்சம் போயிருக்கலாம், அநேகமாக எல்லாம் போயிருக்காது. டிஸ்க்கைக் கழற்றி இன்னொரு கணினியில் பூட்டி, ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளால் தேடி, கிடைப்பதை வேறொரு டிஸ்க்கில் எழுத வேண்டும். கணினி தெரிந்த யாரையாவது பக்கத்தில் இருத்திச் செய்யுங்கள். டிஸ்க் ‘கிளிக் கிளிக்’ என்று சத்தம் போட்டால் உடனே நிறுத்துங்கள், அது தரவு மீட்பவர்களிடம்தான் போக வேண்டும். எஸ்எஸ்டி என்றால் மீட்பது மிகக் கடினம். உங்களுக்கு அதை மறைக்க விரும்பவில்லை. அம்மாவின் படங்களை யாருக்காவது வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தால் அவர்களிடமும் இன்றே கேளுங்கள்.

கடை விஷயம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, நீங்கள் கேட்டால் பற்றுச்சீட்டுத் தருவது அவர்கள் கடமை. போய்க் கேளுங்கள், என்ன வேலை செய்தோம் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். மறுத்தால் போன திகதி, பேசியவர் சொன்னது, நீங்கள் கொடுத்த தொகை, தொலைபேசியில் வந்த செய்திகள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி அதிகார சபைக்கு முறைப்பாடு அனுப்புங்கள். 1977க்கு அழைத்தால் எங்கே கொடுப்பது என்று சொல்வார்கள். எழுத்து மூல முறைப்பாட்டைச் சேவை பெற்ற நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். உங்களுக்கு ஐந்து கிழமை போய்விட்டது, இன்னும் ஏறக்குறைய எட்டுக் கிழமை இருக்கிறது.