வாசகர் கேள்வி – பதில்: கொலோன் பேராலயம்

கேள்வி: ஜெர்மனியின் கொலோன் பேராலயத்தை 1248இல் தொடங்கி 1880இல்தான் முடித்தார்களாம். அப்படியானால் அதை இடைக்காலக் கட்டடம் என்பது சரியா? நடுவில் ஏன் வேலை நின்றது? (கும்பகோணம் வாசகர்)

பதில்: கிழக்குப் பகுதியை நோக்கினால் சரி, கோபுரங்களை நோக்கினால் பாதி சரி. குழந்தை இயேசுவைக் காண வந்த கீழ்த்திசை ஞானியர் மூவருடையவை என நம்பப்படும் திருப்பண்டங்கள் (எலும்புகள்) 1164இல் கொலோனுக்கு வந்தபின், திரளும் யாத்திரிகர்களுக்குப் பழைய ஆலயம் போதாமல் போனது. பேராயர் கோன்ராட் 1248இல் அடிக்கல் நாட்ட, கெர்ஹார்ட் என்ற தலைமைக் கொத்தர் கூரிய வளைவுகளும் வானளாவும் உயரமும் கொண்ட பிரெஞ்சு கோதிக் பாணியைப் பின்பற்றிப் பணியைத் தொடங்கினார். பலிபீடத்தைச் சூழ்ந்த கிழக்குப் பகுதி 1322இல் வழிபாட்டுக்கெனப் புனிதப்படுத்தப்பட்டது. எஞ்சிய பகுதி கட்டுமானக் களமாகவே நீடித்ததால், இடையில் ஒரு சுவரை எழுப்பிக்கொண்டு வழிபாட்டைத் தொடர்ந்தனர். பின்னர் நன்கொடை வற்றியது, கோதிக் பாணி மீதான மோகமும் குறைந்தது. 1560 வாக்கில் வேலை அடியோடு நின்றது. அரைகுறையாக நின்ற தெற்குக் கோபுரத்தின் உச்சியில் மரத்தாலான பாரந்தூக்கி ஒன்று மட்டும் நூற்றாண்டுக் கணக்கில் நின்று, நகரின் அடையாளமாகவே ஆகிவிட்டது. 1868இல்தான் அதை இறக்கினார்கள்.

பணி மீண்டும் உயிர்பெற்றதற்கு முக்கியக் காரணம் ஒரு வரைபடம். கோபுரங்களைக் கொண்ட மேற்கு முகப்பின் இடைக்கால வரைபடம் தோலில் தீட்டப்பட்டது; சுமார் நான்கு மீட்டர் உயரமுடையது. இரண்டாகப் பிரிந்து தொலைந்துபோயிருந்த அதன் ஒரு பாதி 1814இல் டார்ம்ஸ்டாட்டிலும், மறுபாதி 1816இல் பாரிஸிலும் கிடைத்தன. பேராலயத்தை முடித்தே தீர வேண்டும் என்று ஊர் ஊராக வாதாடிக்கொண்டிருந்த சுல்பிஸ் புவாஸ்ரேவுக்கு இதைவிட வலுவான சான்று வேண்டியிருக்கவில்லை. 1842இல் பிரஷ்ய மன்னர் நான்காம் பிரெட்ரிக் வில்லியம் அடிக்கல் நாட்டினார். அரசின் பணமும் பொதுமக்கள் சங்கத்தின் நன்கொடையும் சேர்ந்து, 1880இல் 157 மீட்டர் உயரக் கோபுரங்கள் முடிந்தன. சில ஆண்டுகளுக்கு உலகிலேயே உயரமான கட்டடம் இதுதான். ஆகவே கோபுரங்களின் வடிவம் பெரும்பாலும் இடைக்காலத்தது, கட்டிய கைகள் 19ஆம் நூற்றாண்டினுடையவை. கூரையைத் தாங்கும் சட்டகத்தை மரத்துக்குப் பதிலாக இரும்பால் அமைத்ததில் மட்டும் அவர்கள் பழமையைப் பின்பற்றவில்லை. நல்ல வேளை அது! ஏன் என்பது அடுத்த பதிலில்.

கேள்வி: அங்கே எப்போது போனாலும் சாரம் கட்டியிருக்கிறதே, பழுது தீரவே தீராதா? (மதுரை வாசகர்)

பதில்: தீராது. இடைக்காலக் கொத்தர்கள் ரைன் நதிக்கரையின் டிராகன்ஃபெல்ஸ் குன்றிலிருந்து எரிமலைக் கல்லைப் படகில் கொண்டுவந்தார்கள். 19ஆம் நூற்றாண்டினர் பல ஊர்க் கற்களைக் கலந்தார்கள். அவற்றுள் செதுக்குவதற்கு எளிதான ஷ்லைட்டோர்ஃப் மணற்கல்தான் மிக மோசமாக ஏமாற்றியது. நிலக்கரிப் புகையிலிருந்த கந்தகம் மழைநீருடன் கலந்து, அக்கல்லின் துகள்களைப் பிணைத்திருந்த சுண்ணாம்பை அரித்துவிட்டது. இரயில் நிலையத்தையும் பேராலயத்தின் அருகிலேயே அமைத்ததால் நீராவி எஞ்சின்களின் புகையும் சேர்ந்துகொண்டது. கட்டி முடித்துச் சில பத்தாண்டுகளுக்குள் பழுது பார்க்க வேண்டியதாயிற்று. இன்றும் பேராலயத்துக்கென்றே உள்ள பட்டறையில் கல்தச்சர்களும் கண்ணாடிக் கலைஞர்களும் சிதைந்தவற்றை அளந்து, புதிதாய்ச் செய்து பொருத்துகிறார்கள்.

இரண்டாம் உலகப் போரில் பெரிய குண்டுகள் மட்டும் 14 விழுந்தன. வளைகூரைகள் பல இடிந்தபோதும் கட்டடம் நின்றது. மரக்கூரையாக இருந்திருந்தால் 2019இல் பாரிஸின் நோத்ர் தாம் பேராலயக் கூரையை எரித்த தீவிபத்து போன்றது இங்கே அப்போதே நேர்ந்திருக்கும். வடக்குக் கோபுரத்தின் அடியில் 1943இல் குண்டுவீச்சால் விழுந்த பெரும் பள்ளத்தைப் போர்க்காலத்திலேயே அவசரமாகச் செங்கல் வைத்து அடைத்தார்கள். போரின் சாட்சியாகப் பல ஆண்டுகள் நின்ற அந்தச் செங்கல் ஒட்டைப் பின்னர் இயற்கைக் கல்லால் போர்த்தி, 2005இல் மறைத்துவிட்டார்கள். முகப்பின் ஒழுங்குக்கு அது தேவை என்ற வாதம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்தச் செங்கல்லை அப்படியே விட்டிருக்கலாம் என்பதே என் கருத்து.