கண் வறட்சி: கேள்வி பதில்

கேள்வி: எனக்குக் கண்ணில் எந்நேரமும் தண்ணீர் வடிகிறது. டாக்டரோ கண் வறட்சி என்கிறார். எப்படி ஐயா?

பதில்: சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். கண்ணீர்ப் படலத்தின் மேலே மெல்லிய எண்ணெய்ப் பூச்சு உண்டு. இமை ஓரத்து மெய்போமியன் சுரப்பிகள் தருவது அது. அந்தச் சுரப்பிகள் அடைத்துக்கொண்டால் நீர் சீக்கிரம் ஆவியாகி, கருவிழி காய்ந்து எரியும். எரிச்சல் தாளாமல் கண் நீரைக் கொட்டும். அதுவும் கண்ணில் தங்காமல் வழிந்துவிடும்.

இதற்குச் சொட்டு மருந்தைவிட ஒத்தடம் முக்கியம். சுமார் 40 டிகிரி செல்சியஸ் சூடு, 10 நிமிடம், தினம் இரு வேளை. ஈரத்துணி ஓரிரு நிமிடத்தில் ஆறிவிடும். திரும்பத் திரும்ப வெந்நீரில் நனைத்துப் பிழிய வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். முடித்த கையோடு, கண்ணை மூடியபடி மேல் இமையைக் கீழ்நோக்கியும் கீழ் இமையை மேல்நோக்கியும் விரல் நுனியால் நீவுங்கள். விழியை அழுத்தாதீர்கள். பலன் தெரியச் சில வாரங்கள் பிடிக்கும்.

கேள்வி: சிவப்பைப் போக்கும் சொட்டு மருந்து போடலாமா?

பதில்: வேண்டாம். அது ரத்தக் குழாயைச் சுருக்கும், அவ்வளவுதான். நிறுத்தினால் முன்னைவிட அதிகமாகச் சிவக்கும்.

கேள்வி: செயற்கைக் கண்ணீர் எத்தனை முறை?

பதில்: லேபிளில் பென்சல்கோனியம் குளோரைடு என்ற பதனப்பொருள் இருந்தால் நாளைக்கு நான்கு முறைக்கு மேல் வேண்டாம், அது கருவிழியின் மேல்தோலை அரிக்கும். அடிக்கடி தேவைப்படுவோர் பதனப்பொருள் சேராததை வாங்குங்கள். இரண்டு மருந்துக்கு நடுவே 5 நிமிட இடைவெளி. களிம்பு கடைசியில், படுக்கும்போது.

கேள்வி: மீன் எண்ணெய் மாத்திரை?

பதில்: 2018இல் வெளியான, கண் வறட்சி பற்றிய ட்ரீம் ஆய்வில் ஒரு சாராருக்குத் தினம் 3 கிராம் ஒமேகா-3 (மீன் எண்ணெயில் உள்ள கொழுப்புச் சத்து), மறு சாராருக்கு ஒப்பிட்டுப் பார்க்க ஆலிவ் எண்ணெய், ஓராண்டு கொடுத்தார்கள். இரு சாராருக்கும் தேறியது, வித்தியாசம் இல்லை.

கேள்வி: எனக்குக் குணமானதே! அது பொய்யா?

பதில்: பொய்யில்லை. ஆலிவ் எண்ணெய் சாப்பிட்டவர்களும் அப்படித்தான் சொன்னார்கள். இது ஏறி இறங்கும் உபாதை. உச்சத்தில் இருக்கும்போது மாத்திரையைத் தொடங்குகிறோம். தானாகத் தணிந்தாலும் பெயர் மாத்திரைக்குப் போகிறது.

கேள்வி: ஆலிவ் எண்ணெயே மருந்தாகியிருக்கலாமே?

பதில்: நியாயமான ஆட்சேபம்தான். ஆனால் கொடுத்தது ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி. அவ்வளவு சிறிய அளவு மருந்தாக வேலை செய்தது என்பதற்குத் தனியே சான்று வேண்டும். மாத்திரைக்குச் செலவிடும் அக்கறையை ஒத்தடத்தில் காட்டுங்கள்.

கேள்வி: கண் சிவந்திருக்கிறது, கடையில் ஒரு சொட்டு மருந்து...

பதில்: மேலே சொல்லிவிட்டேன். வேண்டாம்.

கேள்வி: டாக்டர் கொடுத்த, கண் அழற்சியைத் தணிக்கும் சைக்ளோஸ்போரின் சொட்டை ஒரு மாதமாகப் போடுகிறேன். பலனில்லை, விட்டுவிடவா?

பதில்: விடாதீர்கள். 3 முதல் 6 மாதம் ஆகும். அவசரப்பட்டு ஸ்டீராய்டு சொட்டை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். கண் அழுத்தம் ஏறும், புரை விழும்.

கேள்வி: வாயும் காய்கிறது, மூட்டும் வலிக்கிறது.

பதில்: ஷோக்ரன் நோயா (உடலின் எதிர்ப்புச் சக்தியே கண்ணீர், உமிழ்நீர்ச் சுரப்பிகளைத் தாக்கும் நோய்) என்று பார்க்க வேண்டும். வாதநோய் நிபுணரிடம் போங்கள்.

கேள்வி: லென்ஸ் போடுகிறேன். ஒரு கண் மட்டும் சிவந்து வலிக்கிறது, வெளிச்சம் கூசுகிறது. எந்தச் சொட்டு?

பதில்: எதுவும் வேண்டாம். இது வறட்சி அல்ல, கருவிழிப் புண்ணாக இருக்கலாம். லென்ஸை உடனே கழற்றி, டப்பாவோடு இன்றே கண் மருத்துவரிடம் எடுத்துப் போங்கள். கிருமியைச் சோதிக்க அதுவும் உதவும்.