தன் முகத்தை மறைத்த சிரிப்பு நடிகர்: ரோனி பார்க்கர் பற்றிக் கேள்வி பதில்

கேள்வி (கல்லூரி மாணவர்): அண்ணா, பிரிட்டிஷ் நகைச்சுவை என்றால் எனக்கு மிஸ்டர் பீன் மட்டும்தான் தெரியும். நீங்கள் எப்போதும் ரோனி பார்க்கர் பெயரைத்தான் சொல்கிறீர்கள். அவர் யார்? எதிலிருந்து பார்க்கத் தொடங்கலாம்?

பதில்: தம்பி, மிஸ்டர் பீன் வருவதற்கு முந்தைய இருபது ஆண்டுகளில் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் கொடிகட்டிப் பறந்தவர் பார்க்கர். 1929 செப்டம்பர் 25 அன்று பெட்ஃபோர்டில் பிறந்தார், வளர்ந்தது ஆக்ஸ்ஃபோர்டில். 'தி டூ ரோனீஸ்', 'பாரிட்ஜ்', 'ஓபன் ஆல் அவர்ஸ்' என்று மூன்று பிபிசி நிகழ்ச்சிகள் இன்றும் அவர் பெயரைச் சொல்கின்றன. அடுத்தடுத்துப் பார்த்தால் மூன்றிலும் ஒரே ஆள்தான் நடித்தார் என்று நம்புவதே சிரமம்.

'பாரிட்ஜ்' (1974–77) தொடரில் தொடங்குங்கள். ஃப்ளெட்சர் என்ற பழைய திருடன் ஐந்து ஆண்டு களி தின்ன ஸ்லேட் என்ற கற்பனைச் சிறைக்கு வருகிறார். அதில் 'எ நைட் இன்' என்ற பகுதி கிட்டத்தட்ட முழுக்க ஓர் அறைக்குள், ஓர் இரவில் நடக்கிறது. முதல்முறை சிறைக்கு வந்த காட்பர் என்ற இளைஞனுக்குக் கதவு பூட்டப்பட்டதும் மூச்சு முட்டுகிறது. வெளியே போகப் பிடிக்காமல் வீட்டிலேயே இருந்துவிட்ட ராத்திரி என்று நினைத்துக்கொள் என்கிறார் ஃப்ளெட்சர். அந்த இடத்தில் பார்க்கரின் குரலைக் கவனியுங்கள். தூக்கம் கெட்ட எரிச்சலும் இருக்கிறது, பையன் மீது அக்கறையும் இருக்கிறது. சிரிப்பு வரவழைக்க அவர் தனியாக எதுவும் செய்வதில்லை. காட்பராக நடித்த ரிச்சர்ட் பெக்கின்சேல் 1979இல் 31 வயதிலேயே மாரடைப்பில் போய்விட்டார். அவ்வளவு பொருத்தமான ஜோடி பார்க்கருக்கு அதற்குப் பிறகு அமையவில்லை என்பது என் எண்ணம்.

கேள்வி (நாடகக் குழு நடத்துபவர்): சார், இவர் முறையாக நடிப்புப் பள்ளியில் படித்தவரா?

பதில்: இல்லை. கட்டடக்கலை படிக்கப் போய்ப் பாதியில் விட்டார். அப்புறம் வெஸ்ட்மின்ஸ்டர் வங்கியில் எழுத்தர் வேலை. 1948இல் அதையும் உதறிவிட்டு ஏல்ஸ்பரியில் ஒரு ரெபர்டரி நாடகக் குழுவில் சேர்ந்தார். அந்தக் குழுக்களில் ராத்திரி ஒரு நாடகம் மேடையில் ஓடும், பகலில் அடுத்ததற்கு ஒத்திகை நடக்கும். கிழவர், வேலைக்காரன், ராணுவ அதிகாரி என்று கையில் கிடைத்த வேடத்தைக் கட்டியாக வேண்டும். நாடகக் குழு நடத்தும் உங்களுக்கு இதன் அருமை சொல்லாமலே புரியும். ஃப்ளெட்சரின் நடை ஒரு மாதிரி, 'ஓபன் ஆல் அவர்ஸ்' தொடரின் மளிகைக் கடை ஆர்க்ரைட்டின் நடை வேறு மாதிரி என்றால், அந்த வித்தை அங்கே கற்றதுதான். பிறகு ஆக்ஸ்ஃபோர்டு பிளேஹவுஸில் நடித்தபோது நாடக இயக்குநர் பீட்டர் ஹால் இவரைக் கவனித்து 1955இல் லண்டன் மேடைக்கு அழைத்துப் போனார்.

கேள்வி: ரோனி பார்க்கர், ரோனி கார்பெட் என்ற இரண்டு ரோனிகளும் எப்படிச் சேர்ந்தார்கள்?

பதில்: 1966இல் 'தி ஃப்ராஸ்ட் ரிப்போர்ட்' நிகழ்ச்சியில். அதில் மூன்று பேர் உயர வரிசையில் நிற்கும் புகழ்பெற்ற காட்சி ஒன்று உண்டு. நெட்டையான ஜான் கிளீஸ் மேல்தட்டு, நடுத்தர உயரப் பார்க்கர் நடுத்தர வர்க்கம், குள்ளமான ரோனி கார்பெட் தொழிலாளி. அந்தக் குழுவில் கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்ஃபோர்டு பட்டதாரிகள் நிறையப் பேர். பல்கலைக்கழகம் போகாத பார்க்கரும் கார்பெட்டும் இயல்பாகவே ஒட்டிக்கொண்டார்கள்.

1971இல் பாஃப்டா என்ற பிரிட்டிஷ் திரைப்பட, தொலைக்காட்சி விருது விழாவில் ஏதோ தொழில்நுட்பக் கோளாறு, நிகழ்ச்சி அப்படியே நின்றுவிட்டது. இருவரும் மேடையில் நின்று சில நிமிடங்கள் சமாளித்துச் சபையைச் சிரிக்க வைத்தார்கள். பார்வையாளர்களில் பிபிசியின் கேளிக்கை நிகழ்ச்சிப் பிரிவுத் தலைவர் பில் காட்டனும் இருந்தார். அதே ஆண்டு 'தி டூ ரோனீஸ்' தொடங்கி 1987 வரை ஓடியது. உச்சத்தில் ஒன்றரைக் கோடிப் பேருக்கு மேல் பார்த்தார்கள்.

கேள்வி (கதை எழுதும் சகோதரி): அவர் வேறு பெயரில் எழுதினார் என்று கேள்விப்பட்டேன். எதற்காக?

பதில்: எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், சகோதரி. 'தி டூ ரோனீஸ்' தொடங்கும் முன்பே, இருவரும் நடித்த 'ஃப்ராஸ்ட் ஆன் சண்டே' நிகழ்ச்சிக்கு ஜெரால்டு வைலி என்ற பெயரில் தபாலில் காட்சிகள் வர ஆரம்பித்தன. நன்றாக இருந்ததால் ஏற்றுக்கொண்டார்கள். ஆளை யாரும் பார்த்ததில்லை. பெரிய நாடகாசிரியர் டாம் ஸ்டாப்பர்டாக இருக்குமோ என்றெல்லாம் பேச்சு அடிபட்டது. வைலி எழுதிய ஒரு காட்சியைத் தன் மேடை நிகழ்ச்சிக்காகக் கார்பெட் விலைக்குக் கேட்டார். முதலில் தாங்க முடியாத தொகை சொல்லப்பட்டது, பிறகு இலவசமாகவே கிடைத்தது. நன்றிக்காகக் கார்பெட், ஜி டபிள்யூ என்று எழுத்துப் பொறித்த கண்ணாடிக் கோப்பைகள் வாங்கி அனுப்பினார். கடைசியில் ஒரு சீன உணவகத்தில் குழுவினர் எல்லோரும் வைலியைச் சந்திக்கக் கூடியபோது பார்க்கர் எழுந்து, நான்தான் அவன் என்றார். அவர்கள் உடனே நம்பவில்லையாம்.

நட்சத்திரத்தின் எழுத்து என்பதற்காக யாரும் தலையாட்டிவிடக் கூடாது, எழுத்து தன் சொந்தக் காலில் நிற்க வேண்டும் என்று அவர் விரும்பினார். அந்த நேர்மை என்னை இன்றும் அசைக்கிறது. எழுதுகிற எவருக்கும் இதைவிடக் கடினமான சோதனை கிடையாது.

கேள்வி: 'தி டூ ரோனீஸ்' நிகழ்ச்சியின் 'ஃபோர் கேண்டில்ஸ்' காட்சியைப் பார்த்தேன். பலரும் ஓஹோ என்கிறார்கள், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பதில்: வசன வரிகளை ஓடவிட்டுப் பார்த்திருப்பீர்கள். அதை நிறுத்திவிட்டுக் காதால் கேளுங்கள். ஹார்டுவேர் கடைக்கு வந்த பார்க்கர் கேட்பது மண் கிளறும் கவை முள்ளுக்கு மரக் கைப்பிடி, அதாவது ஃபோர்க் ஹேண்டில்ஸ். எச் ஒலியை விழுங்கும் பேச்சு அவருடையது, கடைக்காரர் கார்பெட்டின் காதில் நாலு மெழுகுவர்த்தி என்று விழுகிறது, எடுத்து வைக்கிறார். அடுத்து ஓஸ் என்கிறார் பார்க்கர். எச் விழுங்கிய ஹோஸ் என்று எடுத்துக்கொள்கிறார் கார்பெட். மண்வெட்டி வருகிறது, தண்ணீர்க் குழாய் வருகிறது, பெண்கள் அணியும் காலுறை வருகிறது. அவர் கேட்டதோ வாசல் கதவில் பெயர் ஒட்டுவதற்கு 'ஓ' எழுத்து! வசன வரி முதலிலேயே விடையைக் காட்டிவிட்டால் அப்புறம் என்ன இருக்கிறது?

இன்னொன்றும் கவனியுங்கள். பார்க்கர் முகத்தில் குறும்பு துளியும் இல்லை. பொருளை வாங்கிக்கொண்டு வீடு போக வேண்டும், அவ்வளவுதான் அந்த ஆளின் கவலை. ஏணியில் ஏறி இறங்கும் கார்பெட்டின் பொறுமை கரைவதுதான் வேடிக்கை. 1976இல் ஒளிபரப்பான இதையும் எழுதியது வைலிதான். பார்க்கர் கைப்பட எழுதிய பிரதி 2007இல் 48,500 பவுண்டுக்கு ஏலம் போனது.

கேள்வி: 'ஓபன் ஆல் அவர்ஸ்' முழுக்கத் திக்குவாயைக் கிண்டல் செய்கிறார்களே, தப்பில்லையா?

பதில்: நியாயமான கேள்வி. கஞ்சக் கடைக்காரர் ஆர்க்ரைட்டுக்குத் திக்கலைச் சேர்த்தது பார்க்கர்தான். உடன் நடித்த கிளென் மெல்வின் மேடையில் திக்கிப் பேசியதிலிருந்து எடுத்துக்கொண்டது அது. ஆர்க்ரைட் அதை வைத்தே வாடிக்கையாளரைத் தடுமாற வைத்து எதையாவது தலையில் கட்டும் இடங்கள் இன்றும் ரசிக்க முடிகிறது. மற்றவர்கள் அதைக் குத்திக்காட்டும் இடங்களில் எனக்கும் உறுத்துகிறது. 'தி டூ ரோனீஸ்' காட்சிகளில் பெண்களைக் காட்டிய விதமும் அப்படித்தான், பல இன்று பார்க்கத் தகுந்தவை அல்ல. அவரைப் பிடிக்கும் என்பதற்காக அதற்கெல்லாம் சப்பைக்கட்டு கட்ட மாட்டேன்.

'ஓபன் ஆல் அவர்ஸ்' தொடரில் ஆர்க்ரைட்டின் சகோதரி மகன் கிரான்வில்லாக வருபவர் டேவிட் ஜேசன். பின்னாளில் அவரும் பெரிய நட்சத்திரமானார்.

கேள்வி: நேரில் எப்படிப்பட்டவர்?

பதில்: கூச்ச சுபாவம். வேடமில்லாமல், தானாகவே மேடையேறிப் பேசுவது அவருக்கு ஆகாது. அதனால்தான் 'தி டூ ரோனீஸில்' நாற்காலியில் உட்கார்ந்து தன் பெயரிலேயே கதை சொல்வது கார்பெட், பார்க்கரோ ஏதாவது ஓர் அமைச்சராகவோ சங்கச் செயலாளராகவோ வேடம் கட்டிக்கொண்டு பேசுவார். 'பாரிட்ஜ்' தொடக்கத்தில் தீர்ப்பு வாசிக்கும் நீதிபதியின் குரலும் அவருடையதே. அந்தக் கூச்சம்தான் அவரை இத்தனை ஆட்களாக ஆக்கியது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கேள்வி (ஓய்வுபெற்ற ஆசிரியர்): புகழின் உச்சியில் ஏன் விலகினார், ஐயா?

பதில்: 1987 இறுதியில், 58 வயதில் விலகினார். இதயத்தில் கோளாறு இருந்தது, புதிதாக எழுதும் ஊக்கமும் குறைந்திருந்தது. ஷேக்ஸ்பியர் நாடகத்தின் ஃபால்ஸ்டாஃப் வேடத்தைப் பீட்டர் ஹால் கொடுக்க முன்வந்தும் மறுத்தார். மனைவி ஜாயுடன் சிப்பிங் நார்ட்டனில் பழம்பொருள் கடை வைத்தார். 2002இல் 'தி கேதரிங் ஸ்டார்ம்' படத்தில் சர்ச்சிலின் பட்லராக வந்தார். சின்ன வேடம்தான், ஆனால் அவசியம் பாருங்கள். 2005 அக்டோபர் 3 அன்று காலமானார். வெஸ்ட்மின்ஸ்டர் அபியில் நடந்த நினைவு வழிபாட்டில் சிலுவையோடு நாலு மெழுகுவர்த்திகள் ஏந்தி வந்தார்கள்.

கேள்வி: 'பாரிட்ஜ்' நிஜச் சிறையில் எடுத்ததா? சினிமாவும் வந்ததாமே?

பதில்: தொடருக்கு நிஜச் சிறையில் அனுமதி கிடைக்கவில்லை. வாசல் காட்சி செயின்ட் ஆல்பன்ஸ் ஊரின் பழைய சிறைக் கட்டடம், உள்ளே ஈலிங் ஸ்டுடியோவில் போட்ட செட். 1979 சினிமாவை மட்டும் தீ விபத்தால் காலியாகிக் கிடந்த செம்ஸ்ஃபோர்டு சிறையில் எடுத்தார்கள். கிறிஸ்துமஸ் சிறப்புப் பகுதிகள் இரண்டையும் சேர்த்துத் தொடர் மொத்தம் 20 பகுதிகள். அதை முடித்துவிட்டுச் சினிமாவுக்குப் போங்கள்.